வெளியே வந்ததும் போன் செய்யவும்

என் மகள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கிறாள். கடல் உயிரினக் காப்பகப் பகுதி என்பதால் அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊரில் இருந்துகொண்டு, அவளுக்கு நான் விதிகள் வகுத்தேன். காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் வேறென்ன செய்வான்? மூன்றே விதிகள். இறங்குமுன் செய்தி. வெளியே வந்ததும் போன். பன்னிரண்டுக்குள் போன் வராவிட்டால், அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு நான் தகவல் சொல்வேன்.

"கையெழுத்தும் போடணுமாப்பா?" என்று சிரித்தாள். போடச் சொன்னேன்.

அந்தப் பங்குனிக் காலையில் ஒன்பதரைக்கு "இறங்குறேன்" என்று செய்தி வந்தது. ஒரு சிலிண்டர் காற்று ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. மேலே வரும் வழியில், ரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டாமலிருக்க, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். நீச்சல்தான் தெரியாது.

பதினொன்றரைக்கு நான் கருவூலத்தில் வரிசையில் நின்றேன். ஓய்வூதியக்காரன் உயிரோடிருப்பதை வருடத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். அவளை அழைத்தேன்; போன் அடித்து ஓய்ந்தது. படகுக்காரர் போனும் அப்படியே. கருவியில் கட்டைவிரலை வைத்தேன்.

"கையத் தொடச்சுட்டு வைங்க சார். வேர்வையில ரேகை விழுகல."

துடைத்து வைத்தேன். "மெசினு ஒங்கள இல்லைங்குது" என்றார் ஊழியர்.

"அம்புட்டு வேர்வையா அண்ணே?" என்றார் பின்னால் நின்றவர். "உசுரோட இருக்கம்னு காட்டத்தான வந்தீக, பரீட்சைக்கா?" வரிசையே சிரித்தது.

மணி பன்னிரண்டு. தகவல் சொன்ன நொடியில் ஒரு கோப்பு பிறக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆபத்து இல்லையென்றாலும் விளக்கம் கேட்பார்கள். அதை ஏற்கும்வரை அனுமதியை நிறுத்திவைப்பார்கள். கடல் தெளிந்திருக்கும் சில வாரங்கள் போனால் அவளுடைய ஒரு வருட வேலை போய்விடும். நானும் பலருக்கு அப்படிச் செய்தவன்தான். பத்து நிமிடம் பொறுக்கலாமா என்று பார்த்தேன். காற்றில்லாமல் பத்து நிமிடத்தில் என்னவாகும் என்பதையும் படித்துத் தொலைத்திருந்தேன்.

வராந்தாவுக்குப் போய் அழைத்தேன். அனுமதி எண், இறங்கிய நேரம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். படகு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு ஆமை. பாறையில கெடந்த பழைய வலையில மாட்டிக்கிருச்சு. சிலிண்டர மாத்திட்டு மறுபடி எறங்கி அறுத்து விட்டோம். படகுக்கார அண்ணனும் குதிச்சிட்டாக, போன எடுக்க ஆளில்ல."

"மூணு நிமிசம் நின்னியா?"

"நின்னேன்ப்பா." பிறகு குரல் மாறியது. "காப்பகத்துப் படகு வருது. நீங்க போன் போட்டீங்களா?"

"போட்டேன்."

மோட்டார் சத்தம் நெருங்கியதும் அவள் போனை வைத்துவிட்டாள்.

நான் நினைத்தபடியே கடிதம் வந்தது, நிறுத்திவைப்போடு. விளக்கத்தை நான்தான் எழுதினேன். அனுமதி பவளத்தை எண்ணத்தான். ஆமையைத் தொட அல்ல. ஆமையைக் குறிப்பிட்டால் அதற்கும் தனி விளக்கம் கேட்பார்கள் என்று அவளை எச்சரித்தேன்.

"ஆமைய எழுதுங்கப்பா" என்றாள். எழுதினேன்.

பதில் இன்னும் வரவில்லை. அவள் கரையில் இருக்கிறாள். சரியாகப் பேசுவதில்லை. இந்த ஒரு வாரமாக நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.