ஸ்பீக்கர் எடுக்கப் போன சனிக்கிழமை

போன வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், என் குரல் போனது. கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷன் முடிந்து கண் விழித்து "தண்ணி" என்றேன். காற்றுதான் வந்தது. குரல் நாண் ஒன்று அசையவில்லை, ஆறு மாதம் பார்ப்போம், வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

நான் கொச்சியில், கலூரில் கணக்கு வாத்தியார். குரல் இல்லாத வாத்தியாரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? தண்ணீர் குடித்தால் புரையேறும். மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட மேஜையைத் தட்டுவேன். ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று அழுதேன். அழுகைக்கும் சத்தம் இல்லை.

அதுவரை நான் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியில் துப்புரவு வேலை செய்கிற தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் ஒரு சந்துக்கு, சனிக்கிழமைதோறும் நம் சபையிலிருந்து எட்டுப் பேர் போவோம். ஒரே நிற டீ-சர்ட், பேனர், பெரிய ஸ்பீக்கர். பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கணக்குப் பாடம். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் நான். வேலை முடிந்து அலுப்போடு உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஜெபம் முடியும்வரை பிரியாணிப் பொட்டலத்தைத் தொட விடமாட்டேன். அப்புறம் போட்டோ. பொட்டலம் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொல்வேன். இதற்கு நாங்கள் வைத்த பெயர் அன்பின் பணி.

அங்கே கஸ்தூரி என்று ஒரு அம்மா. ரோடு பெருக்குகிறவர். ஒரு தடவை, "சாரே, உங்களுக்காக நானும் பிரார்த்திக்கட்டா?" என்று கேட்டார். "உங்களுக்காக ஜெபிக்கத்தான் நாங்க வந்திருக்கோம்" என்றேன். என்ன திமிர்!

குரல் போனதும் குழு என்ன செய்தது? வாட்ஸாப்பில் கைகூப்பும் பொம்மைகள் அனுப்பியது. இரண்டாம் வாரம் அதுவும் நின்றது. பிரசங்கம் பண்ண ஆளில்லை என்று சனிக்கிழமைக் கூட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். பொட்டலம் கொடுக்க வாய் எதற்கு? ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஸ்பீக்கர் மட்டும் கஸ்தூரி வீட்டில் கிடந்தது. ஆகஸ்டில் அதை எடுக்கப் போனேன்.

'ஆபரேஷன், பேச்சு வராது, ஸ்பீக்கர் வேண்டும்' என்று தாளில் எழுதி நீட்டினேன். கஸ்தூரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாரே, எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். என் மோளும் பள்ளிக்கூடத்துல மலையாளம்தான் படிச்சா."

இரண்டு வருஷம் அந்தச் சந்துக்குத் தமிழில் அச்சடித்த சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தவன் நான்.

கழுத்துத் தழும்பைக் காட்டி, வாயைக் காட்டி, கையை விரித்தேன். அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சாயா ஆற்றிக் கொடுத்தார். புரையேறி இருமினேன், முதுகைத் தடவிவிட்டார். அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்து நின்றார்கள். கஸ்தூரி என் தலையில் கை வைத்தார். துடைப்பம் பிடித்துக் காய்த்துப்போன கை.

"தம்புரானே, கடவுளே, இந்தச் சாரு வந்தா வாய் ஓயாது. பாதி எங்களுக்கு மனசிலாகாது. ஆனாலும் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தந்த ஆளு. தொண்டையைக் குடுத்துரு."

அவ்வளவுதான். என் ஒரு மணி நேரத்தில் இப்படி ஒரு உண்மை இருந்ததில்லை. அங்கேயே உடைந்து அழுதேன். "அடுத்த சனியாழ்ச்சையும் வாங்க சாரே" என்றார். போனேன். ஏழு சனிக்கிழமை போனேன். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். கிளம்பும்போது கஸ்தூரியின் கைக்குத் தலையைக் குனிவேன்.

அக்டோபரில் ஒரு காலை. வைட்டிலா பஸ் நிலையத்தில் ஸ்டெல்லா தவறுதலாக வேறு ஊர் பஸ்ஸில் ஏறப்போனாள். "ஸ்டெல்லா!" என்று கத்தினேன். கரகரவென்று, உடைந்து, ஆனால் குரல்! அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நரம்பு தானாகத் தேறியிருக்கும் என்கிறீர்கள். இருக்கட்டும். தேற வைத்தவர் யார்? குழுவில் ஒரு சகோதரன் கேட்டார், "பிரதர், அந்தம்மா இரட்சிக்கப்படாதவங்க. யாரை நோக்கி ஜெபிச்சாங்க?" நாலு மாதம் என் வீட்டு வாசலை மிதிக்காதவருக்கு இந்தக் கேள்வி மட்டும் வருகிறது! ஜெபத்தில் கேட்ட அந்த அம்மாவுக்குத் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும் என்றேன்.

பழைய குரல் வரவில்லை. இரண்டு பீரியடுக்கு மேல் தாங்காது. எனக்குப் போதும். ஸ்தோத்திரம். அந்தச் சந்தில் இப்போது என்னைப் பேசச் சொன்னால்தான் பேசுகிறேன்.

சகோதரரே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் வரும். அப்போது, நீங்கள் உதவி செய்யப் போகிற வீட்டிலேயே அதைச் சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். உயிர் போகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் எனக்காகக் கொஞ்சம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் முன்னால் உட்காருங்கள். ஆண்டவர் கேட்கிறார்.