பாதி மலேசியா மீஞ்சூருக்குப் போனது

பெரியவளே, சின்னவனே, இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். நம் வீட்டுப் பரண்மேல் தெர்மாகோலில் ஒரு முதலை கிடக்கிறதே, அது முதலை இல்லை. மலேசியா நாட்டின் கிழக்குப் பாதி. அதற்குக் கண்ணும் பல்லும் எப்படி வந்தன என்று சின்னவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பெரியவளுக்கும் கதை முழுசாகத் தெரியாது. தெரியாத பாகம் ரயிலில் நடந்தது.

பெரியவளே, நீ ஏழாவது படிக்கும்போது பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு நாடு. அதன் நிலம், மக்கள், ஆட்சி மூன்றையும் சொல்ல வேண்டும், நாட்டையும் செய்து எடுத்து வர வேண்டும். சிங்கப்பூர் கிடைத்த பையன் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விடலாம். நமக்கு வந்தது மலேசியா. அது ஒரே துண்டாக இருக்கிற நாடு இல்லை. மேற்குப் பாதி தாய்லாந்துக்குக் கீழே வால் மாதிரித் தொங்குகிறது. கிழக்குப் பாதி போர்னியோ என்ற தீவின் மேல் ஓரத்தில் படுத்திருக்கிறது. நடுவில் தென்சீனக் கடல்.

"அப்பா, முழுசா இருக்கணும். போன வருஷம் சூரியக் குடும்பத்துல வியாழன் விழுந்துடுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க" என்று மட்டும் சொன்னாய். வேலை நேரத்திலும் அதுதான் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்குப் புது மோட்டார் வந்த பெட்டியில் நல்ல தடிமனான தெர்மாகோல் இருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, கண்காட்சிக்கு முந்தைய நாள் சாப்பாட்டு நேரத்தில் வரைந்தேன். இரண்டு ஓரத்திலும் நாடு, பலகை முழுக்கக் கடல். கூட வேலை செய்யும் மீஞ்சூர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா இது, தண்ணிய எதுக்கு டிரெய்ன்ல தூக்கினு போற? அறுத்துப் போடு."

நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது தென்சீனக் கடல் ஸ்கிராப் தொட்டியில் கிடந்தது.

எங்கள் ரயில் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி கும்மிடிப்பூண்டியிலேயே காலியாக நிற்கும். முதலில் ஓடுகிறவர் ஜன்னல் கம்பி வழியாகக் கர்சீப்பைப் போட்டு இடம் பிடிப்பார். கர்சீப் விழுந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள். எங்களுக்குப் போடுகிறவர் எப்போதும் மீஞ்சூர்க்காரர். ஆனால் பிடித்த இடங்களில் ஜன்னலோரம் ஒன்றுதான். அதில் யார் உட்காருவது என்று தினமும் பொன்னேரி வரை சண்டை.

அன்றைக்கும் அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது சுண்டல்காரர் வந்தார்.

"இன்னா நைனா மடியில? மாங்காவா?"

"மலேசியா."

"அட! எம் மச்சான் அங்கதான் கீறாரு. பினாங்குல பரோட்டா போடறாரு. மலாய்க்காரங்க, சீனாக்காரங்க, நம்ம ஆளுங்க, எல்லாம் ஒரே கடையில குந்தி துன்றாங்களாம். தமிழ்லயே காலத்த ஓட்டினு கீறாரு."

"ஆட்சி எப்படி அங்க?" என்று மீஞ்சூர்க்காரர் கேட்டார். உன் புத்தகத்தில் படித்ததை நான் சொன்னேன். பதின்மூன்று மாநிலம். ஒன்பதுக்குப் பரம்பரை ராஜா உண்டு, மிச்சம் நாலுக்குக் கவர்னர். ஒன்பது ராஜாவும் கூடித் தங்களில் ஒருவரை நாட்டுக்கே ராஜாவாக வைப்பார்கள். ஐந்து வருஷம் ஆனால் அடுத்தவர்.

"வேலைய யாரு செய்யறது?"

"பிரதமர். எலெக்ஷன்ல வர்றவரு."

அவர் ஜன்னலைக் காட்டினார். "அப்போ கர்சீப் போடறவன் பிரதமர். ஜன்னல்ல குந்தறவன் ராஜா. வாரத்துக்கு ஒருத்தன். முடிஞ்சுதுபா பேஜாரு."

அவரைக் கழித்தால் நாங்கள் எட்டுப் பேர்தான். ஒன்பதாவது சுல்தானாகச் சுண்டல்காரரைச் சேர்த்தோம்.

"நான் குந்திட்டா சுண்டல் யாரு விக்கறது?"

"குந்தினே வில்லு. ராஜாகிட்ட ஜனங்க தேடி வரும்."

இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த நாலு பேர் கவர்னர்கள். "எங்களுக்கு எப்போ ஜன்னலு?" என்று அதில் ஒருவர் கேட்டார். "கவர்னருக்கு முறையே கெடையாது. சட்டம் அப்படி" என்றார் பிரதமர்.

நாட்டைக் கொண்டுவந்தவன் என்பதால் முதல் பட்டம் எனக்கு. மச்சான் அங்கே இருப்பதால் இரண்டாவது சுண்டல்காரருக்கு. என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, "ராஜா கையில ரெண்டு பாதியும் இருந்தா காத்து எப்படி வரும்?" என்று பிரதமர் கிழக்குப் பாதியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் காற்று வாங்கினேன். கவரப்பேட்டை போனதே தெரியவில்லை. நான் இறங்கும் பொன்னேரி வந்துவிட்டது.

ராஜாவாக இருப்பதில் உள்ள கஷ்டம் அப்போதுதான் புரிந்தது. ஜன்னலிலிருந்து கதவு வெகு தூரம். மேற்குப் பாதியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கவர்னர்களை இடித்துத் தள்ளி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். வண்டி நகர்ந்துவிட்டது. என் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்த பிரதமர் அதற்குள் கண்ணை மூடியிருந்தார். கிழக்குப் பாதி அவர் மடியில் மீஞ்சூருக்குப் போனது. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

"மீதி எங்கப்பா?" என்றாய். "மீஞ்சூர்ல" என்று, ஜன்னல் ராஜா முறையையும் சொன்னேன். நீ அழவில்லை. இருக்கிற பாதிக்குப் பச்சை அடிக்க உட்கார்ந்துவிட்டாய். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் காலை மீஞ்சூர்க்காரர் வேலைக்கு வரும் வண்டிக்காகப் பொன்னேரியில் நின்றேன். கதவில் தொங்கியபடியே கிழக்குப் பாதியை நீட்டினார். வாங்கிப் பார்த்தால் அதற்குப் பெரிய கண், வாய் நிறையப் பல். அழியாத மார்க்கர்.

"கோச்சுக்காத நைனா! ஊட்ல புள்ளைங்க முதலைன்னு நெனச்சிட்டாங்க!" என்று வண்டியோடு போய்க்கொண்டே கத்தினார்.

பள்ளி வாசலில் நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "பரவால்லப்பா. இந்தப் பாதியில ஓடுற சரவாக் ஆத்துல நெஜமாவே முதலை இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போனாய். அன்று லீவு போட்டிருந்த நானும் பின்னாலேயே வந்தேன்.

கண்காட்சிக்கு வந்த அதிகாரி முதலையைப் பார்த்துவிட்டு உன் மேஜை முன்னால் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. நிலத்தைச் சொன்னாய், மக்களைச் சொன்னாய். ராஜாக்களைச் சொன்னபோது அவர் குறுக்கே கேட்டார்.

"அதெப்படிம்மா? ஒருத்தர் எழுந்திருக்க மாட்டேன்னா?"

"அப்படி நடக்காது சார். எங்கப்பா டிரெய்ன்லயும் இதே முறைதான். யார் முறையோ அவங்கதான் ஜன்னல்ல உக்காருவாங்க. யாரும் பாக்கலைன்னாலும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

அந்த முறை பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. "ஆமாங்க" என்றேன். யாரும் பார்க்காவிட்டாலும் என்பதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நீயாகச் சேர்த்துக்கொண்டாய். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்கு, சிங்கப்பூருக்கு, போனார்.

என் ஒரு வார ஆட்சி முடிந்து சுண்டல்காரர் பட்டத்துக்கு வந்தார். அந்த வாரத்தில் ஒரு நாள் கம்பெனியில் மோட்டார் ரிப்பேராகி எங்கள் பிரிவு ஆட்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். மீஞ்சூர்க்காரர் கடைக்குப் போனார். நான் மட்டும் வண்டிக்கு வந்தேன். பெட்டியில் ஒரு ஆள் இல்லை. சாயங்கால வண்டியில் மட்டுமே வரும் சுண்டல்காரரும் இல்லை. ஜன்னல் ஜன்னலாகக் காலியாக இருந்தது. எங்கள் ஜன்னலில் நல்ல காற்று.

பாக்கெட்டிலிருந்து கர்சீப்பை எடுத்து அந்த ஜன்னலோர இடத்தில் விரித்தேன். நான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து வந்தேன். பொன்னேரியில் கர்சீப்பை எடுக்காமல் இறங்கினேன்.