இட்லிக்குக் காத்திருந்த அமிர்தவள்ளி

ஆம்பூர்த் தோல் கிடங்கு ஒன்றில் கன்னியப்பனுக்குப் பதினாறு ஆண்டுகளாக ஒரே வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைச் சாய்வான மரத்தின்மேல் விரித்து, இருபக்கமும் கைப்பிடி உள்ள கத்தியால் சவ்வைச் சுரண்டி எடுப்பான். அந்தத் தோல் கப்பலேறிச் சீமைக்குப் போனது. மேளமாகிக் கோவிலுக்குள்ளும் போனது. சுரண்டியவன் மட்டும் கோவில் தெருமுனையோடு நிற்க வேண்டும்.

1931 தை மாதம் அவன் மனைவி ஜெயம்மாள் காய்ச்சலோடு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஞாயிறுதோறும் ஐந்து வயது அமிர்தவள்ளியையும் மூன்று வயது தனக்கோட்டியையும் அழைத்துப்போய் அவளிடம் காட்டுவான். திரும்பும்போது மக்பூல் அகமதுவின் சோற்றுக்கடையில் சாப்பிடுவார்கள். அங்கே யாரும் சாதி கேட்பதில்லை. ஆனால் ரமலான் பிறந்துவிட்டது. அந்த ஞாயிறு பகலில் கடை மூடியிருந்தது. விடியலில் குடித்த கூழுக்குப் பிறகு பிள்ளைகள் வயிற்றில் ஒன்றுமில்லை. தனக்கோட்டி அழவும் தெம்பில்லாமல் தோளில் சாய்ந்திருந்தான்.

எதிரே ஓர் இட்லிக் கிளப்பு. ‘பஞ்சமரும் பெருவியாதிக்காரரும் உள்ளே வரக்கூடாது’ என்று பலகை. கன்னியப்பன் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவன். அன்று படிக்கத் தெரியாதவனைப்போல் உள்ளே நுழைந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான், அறிந்தவர் யாருமில்லை. பிள்ளைகள் பத்து நிமிஷம் அடங்கி இருந்தால் போதும், வயிறு நிறைந்துவிடும்.

இலை போட்டார்கள். இட்லி இன்னும் வேகவில்லை. அவன் தண்ணீரைத் தொட்டு இலையில் ரயில் வரைந்தான்.

“பாரு கண்ணு, காட்பாடி வந்துச்சு.”

“காட்பாடில இட்லி கீதாப்பா?” என்றாள் அமிர்தவள்ளி.

“கீது. கம்முனு இருந்தா வரும்.”

பக்கத்து இலைக்காரர் சிரித்தார். “கெட்டிக்காரப் பொண்ணுதான்.”

கன்னியப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

தனக்கோட்டி சிணுங்கத் தொடங்கினான். அவனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் தெருவைக் காட்டினான் கன்னியப்பன். தம்பி அடங்கவில்லை. அமிர்தவள்ளி தன்னால் ஆனதைச் செய்தாள். இலையை முழங்காலில் சாய்த்துப் போட்டு, பித்தளை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பால் அழுத்தி அழுத்தித் தள்ளினாள். தம்பி கலகலவென்று சிரித்தான்.

இட்லித் தட்டோடு வந்த பரிமாறுகிறவன் நின்றான். “இன்னா பாப்பா பண்றே?”

“தோல் சொரண்றேன். எங்கப்பா மாதிரி.”

முதலாளி வந்தார். “எந்த ஊருய்யா?”

“ஆம்பூர் சாமி. கிடங்குல கணக்கு எழுதறேன்.”

“எழுதற கையக் காட்டு.”

சுண்ணாம்பு தின்ற நகங்கள். கன்னியப்பன் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

கெட்டிக்காரப் பொண்ணு என்றவர் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். “எடத்த கழுவாம நான் உக்கார மாட்டேன்.”

“தொட்ட இலைய நீயே எடு,” என்றார் முதலாளி. “டம்ளரையும் எடுத்துக்கினு போ. இனிமே அதுல எவன் குடிப்பான்?”

ஒரு குழந்தையின் விரல் பட்டால் பித்தளை கெட்டுவிடுமாம். எந்த அறிவு இதைக் கண்டுபிடித்தது? அங்கிருந்த இருபது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தெருவில் இறங்கியதும் கன்னியப்பன் மகளை அறைந்தான். அதுவரை அவளை அவன் அடித்ததில்லை.

“தம்பி அழக்கூடாதுன்னுதானப்பா வெளாண்டேன்,” என்றாள்.

பட்டினியோடு ரயிலேறினார்கள்.

நோன்பு முடிந்து மக்பூல் கடை திறந்தது. ஜெயம்மாள் இன்னும் எழவில்லை. சோறு வருவதற்குள் தனக்கோட்டி வெறுந்தட்டைத் தட்டினான். அமிர்தவள்ளி தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்திருந்தாள்.

“கைய ஆட்டாதேடா. ஆட்னா சோறு குடுக்க மாட்டாங்க.”

“யாரு சொன்னது பாப்பா?” என்றார் மக்பூல். “இங்க எவ்ளோ வேணா வெளாடு.”

அவள் அப்பனைப் பார்த்தாள்.

“வெளாடு கண்ணு,” என்றான் கன்னியப்பன்.

சோறு வந்து ஆறிய பிறகும் அந்தக் கைகள் வெளியே வரவில்லை.