பூவல் மணலும் ஜெஸ்லியாவின்ர வீடும்

எங்கட திரேசம்மா மச்சாள் கூட்டமெண்டு போனால் ஒரு நாளும் வாய் திறக்காத மனுசி. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. கருவாடு காயப்போட்டுத்தான் ரெண்டு பொம்பிளைப்பிள்ளையளையும் வளர்த்தவ. இருந்த வீட்டை மூத்தவளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்திட்டு, இளையவள் ஜெஸ்லியாவோட பின்வளவில கொட்டில் போட்டு இருக்கிறா. மன்னாரில வீடில்லாத பொம்பிளைக்கு மாப்பிள்ளை எடுக்கிறதெண்டால், ஐயோ, அது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த நேரம்தான் வீட்டுத்திட்டம் வந்தது. ஊருக்குப் பின்னால கிடக்கிற மணல் திடலில இருநூறு வீடு, ஜெஸ்லியாவுக்கும் ஒண்டு. அதைக் கேள்விப்பட்டதும் பேசாலையில இருந்து ஒரு சம்பந்தம் தானாத் தேடி வந்தது. மச்சாளுக்குத் தலைகால் புரியேல்லை.

எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி உப்பு. அந்தத் திடலில இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணி ஊறும். பூவல் எண்டு சொல்லுறது. ஊரே அதைத்தான் குடிக்குது. இடம் பாக்கப் பெரியாக்கள் வருகினமெண்டதும் எங்கட சனத்துக்குப் பெருநாள் வந்தமாதிரி. மீனவர் சங்கத் தலைவர் லோறன்ஸ் அண்ணை, வாறவை தடக்கி விழுந்திடுவினமெண்டு, பெடியளைக் கொண்டு பூவல் எல்லாத்தையும் மண் போட்டு மூடி, கூட்டித் துப்புரவாக்கி, கொடியும் கட்டிவிட்டார். விசர் வேலை! வந்தவை பாத்தது வெறும் மணல். "நல்ல இடம்" எண்டு சொல்லி, இளநியும் குடிச்சிட்டுப் போட்டினம்.

மூடின பூவலைத் திரும்பத் தோண்டேக்கதான் மச்சாளுக்கு உறைச்சது.

"எடியே, இருநூறு வீட்டின்ர மலக்குழியும் இந்த மணலுக்குள்ளதானே வரும். பிறகு எதைக் குடிக்கிறது?"

"பேசாமல் இருங்கோ மச்சாள், உங்களுக்கு வீடு வேணும்" எண்டனான். கேட்டால்தானே!

மாதா கோயில் மண்டபத்தில கூட்டம் வைச்சினம். மச்சாள் எழும்பினா.

"வீடு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை ஐயா. ரோட்டுக்கு அங்கால கட்டுங்கோ. பூவல் மணலில வேண்டாம்."

வீட்டுத்திட்டக் கந்தோரில இருந்து வந்த அதிகாரி மரியாதையாத்தான் சொன்னார்: "இடம் மாத்திறதெண்டால் திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேணும் அம்மா. எத்தினை வருசம் போகுமோ தெரியாது. உங்கட மகளுக்கும் இதில ஒரு வீடு இருக்கெல்லோ. அதையும் வேண்டாமெண்டுறீங்களோ?"

மண்டபமே திரும்பி ஜெஸ்லியாவைப் பாத்தது. பிள்ளை எனக்குப் பக்கத்தில தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தாள். மச்சாளும் அவளைத்தான் பாத்தா. "ஓம், வேண்டாம்" எண்டா.

முதல் கை தட்டினது லோறன்ஸ் அண்ணை. பிறகு எல்லாரும். ஜெஸ்லியா எழும்பி வெளியில போட்டாள்.

வீட்டுத்திட்டம் நிண்டது. பேசாலைக்காரர் வேற பொம்பிளை பாக்கிறமெண்டு சொல்லிவிட்டினம். ஜெஸ்லியா சமைச்சாள், கருவாடு புரட்டினாள், தாயோட மட்டும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. "பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டனோடி" எண்டு மச்சாள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா.

நான்தான் சொன்னன், லோறன்ஸ் அண்ணையின்ர மகன் மில்ரன் நல்ல பெடியன், குடிவெறி இல்லை, போய்க் கேப்பம் எண்டு. நல்ல சீலையாப் பாத்து உடுத்திக்கொண்டு வந்தா மச்சாள். அவையின்ர வீட்டில கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்தினம்.

"நீ அண்டைக்கு எழும்பிக் கதைச்சிராட்டி, இந்தத் தேத்தண்ணிக்கும் தண்ணி இருந்திராது தங்கச்சி" எண்டார் லோறன்ஸ் அண்ணை. மச்சாளின்ர முகம் மலர்ந்தது. மெல்ல விசயத்தைச் சொன்னா.

அண்ணை பிடரியைச் சொறிஞ்சார்.

"ஜெஸ்லியா தங்கமான பிள்ளை. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால்... பிள்ளைக்கு வீடு என்ன மாதிரி?"

எனக்கெண்டால் கோப்பையோட அந்தாளின்ர மூஞ்சையில ஊத்தவேணும் போலக் கிடந்தது. மச்சாள் தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடிச்சு முடிச்சு, "போட்டு வாறம் அண்ணை" எண்டு எழும்பினா.