என் மனைவிக்காக நான் சொன்ன மன்றாட்டு

"விந்தணு கவுண்ட் சாருக்குத்தான் கம்மி" என்றார் டாக்டர். "பள்ளிக்கூடத்துல மார்க்கும் இப்படித்தான் டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாவம், என் மனைவிதான் சிரித்தாள்.

டெஸ்ட் டியூப் முறை ஒன்றுதான் வழி. திருச்சபைக்கு அது ஆகாது. ஊசி தொடங்கிய வாரத்திலிருந்து அவள் பூசையில் நன்மை வாங்க, அதாவது சாமியார் தரும் அப்பத்தை வாங்க, எழுந்திருக்கவில்லை; பாவத்தோடு அதை வாங்கக் கூடாது.

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்கேன்" என்றேன்.

"நாளைக்கும் ஊசி போட்டுக்கப் போறேன். இன்னைக்கு மன்னிப்பு கேட்டா அது ஏமாத்துங்க."

எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. ஊசியும் எனக்கில்லை. ஞாயிறுதோறும் முதல் ஆளாக வரிசையில் நின்றேன்.

கோயிலில் யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேங்கிக்கால் வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்தது. தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். அன்பியத் தலைவி அக்கா என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஏம்மா, மூணு மாசமா நன்மை வாங்கறதில்லையே? மனசுல எதனா இருந்தா சாமியார்கிட்ட சொல்லிடும்மா. அதனாலகூட கடவுள் குழந்தை குடுக்காம இருக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுண்டல் தட்டைப் பார்த்தேன்.

"சுண்டல் ஆறுதுக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அக்கா கண்ணை மூடி, "இந்தச் சகோதரியின் பாவங்களை மன்னித்து, இவள் கர்ப்பத்தைத் திறந்தருளும்படி ஆண்டவரை மன்றாடுவோம்" என்றார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். அதில் என் குரல்தான் ஓங்கி ஒலித்தது. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் மட்டும் சொல்லவில்லை.

எல்லோரும் போனதும், "வர்ற ஞாயித்துக்கிழமை நானும் உன்கூட உட்கார்ந்துடறேன்" என்றேன், பெரிய தியாகி மாதிரி.

"வேணாங்க. என்னால நீங்களும் கெட்டுட்டீங்கன்னுதான் பேசுவாங்க. அந்த அக்காகிட்ட உண்மையைச் சொல்லுங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் அந்த அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றார். குனிந்து, "உனக்குப் பொறுமை ஜாஸ்தி தம்பி. வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பான்" என்றார்.

"அக்கா..." என்று திரும்பினேன்.

"சொல்லுப்பா."

"சாமியார் வந்துட்டாரு" என்று முன்னால் திரும்பிக்கொண்டேன். முன்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

நன்மை வாங்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.

"சொல்லிட்டீங்களா?"

"வரிசை சீக்கிரம் நகர்ந்துடுச்சும்மா" என்றேன்.