தாம்பாளத்தில் அடித்த மணி

பல்கலைக்கழகத்தில் மணியடிக்கும் சங்கரபாண்டி இருபத்தாறு வருஷத்தில் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. கொரோனா வந்து வகுப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போனதும், சாரல் விழுகிற குற்றாலத்துக்குக்கூடப் போக முடியாமல், தென்காசி வீட்டில் கை நமைச்சலெடுக்க உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் புளியறை கிராமத்திலிருந்து மாணவி மஞ்சு போன் செய்தாள்.

"அண்ணாச்சி, சாய்கிருஷ்ணன் சார் மணியடிச்சாத்தான் பாடத்த நிறுத்துவாரு. இப்போ மணி இல்லாம ரெண்டரை மணி நேரம் பேசுதாரு. நீங்கதான் காப்பாத்தணும்."

சங்கரபாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் அவள் அனுப்பிய லிங்க்கில் முகம் காட்டாமல் நுழைந்து, சரியாகப் பதினொன்றே முக்காலுக்கு, மனைவியின் பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் கணகணவென்று அடித்தார். பேராசிரியர் பாதி வாக்கியத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

நாலு நாளில் பிள்ளைகளுக்குக் குளிர்விட்டுப் போனது. ஐந்து நிமிஷம் முந்தி அடிக்கச் சொன்னார்கள்.

"ஏட்டி, என்னய என்ன ஒங்க வீட்டு அலாரம்னு நெனச்சியா?" என்று மஞ்சுவிடம் சீறினார்.

ஒரு மாதம் கழித்து சாய்கிருஷ்ணனே போனில் வந்தார். சங்கரபாண்டி மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு எழுந்து நின்றார்.

"சங்கரபாண்டி, முதல் நாளே உங்க பேர் திரையில தெரிஞ்சுது. தாம்பாளம் நல்லாத்தான் கேக்குது. இன்னைக்கு மட்டும் பத்து நிமிஷம் முன்னாடி அடிச்சிருங்க. அடுப்புல சாம்பார் வச்சிருக்கேன்."

"வகுப்ப நீங்களே நிறுத்திக்கிடலாம்லா சார்?"

"மணியடிக்காம எப்படிய்யா நிறுத்துறது?"