பிஸ்டனுக்கு அளவெடுத்த தையல்காரர்

உட்கார்ந்த இடத்தில் ஓர் இடுக்கு இருந்தால் போதும், அத்தானின் கை சட்டைப்பைக்குப் போய்விடும். பேனா இருக்க வேண்டிய அந்தப் பையில் இடுக்கு அளக்கும் ஃபீலர் கேஜ் இருக்கும். விசிறி போல விரியும் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு கனம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றை நுழைத்து இழுத்துப் பார்ப்பார். பல வருடமாகப் பார்க்கிறேன். துக்கம் கேட்கப் போன வீட்டில் நாற்காலிக் கைப்பிடியை அளந்து அக்காவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவர்.

தொழில் தையல். அங்கே இந்தத் துல்லியம் எதுவும் கிடையாது. டேப்பை ஆள் மேல் வீசுவார். விழுந்த இடம்தான் அளவு. தோள் தொங்குகிறது என்றால், "காத்து வரட்டும்னு விட்டிருக்கேன் சார்" என்பார். இறுக்குகிறது என்றால், "துவைச்சா சரியாயிடும்." தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரருக்குத் தைத்த சட்டையில் காலர் பொத்தானைப் போடவே முடியவில்லை. அதற்கும் பதில் இருந்தது: "மேல் பொத்தானை யாருங்க போடுறா?"

அதே மனிதர்தான் எங்கள் அப்பாவின் பழைய காரைப் பிரித்து, இன்ஜினை முன்னறையில் நிறுத்தியிருந்தார். அக்கா ஓட்டப் பழகிய கார் அது. அப்பா சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி துண்டு துண்டாகக் கிடந்தபோதும் அவள் அந்தச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றவில்லை. வந்தவர்கள் எல்லாம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போனது.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஓடலைன்னா இரும்புக்காரரைக் கூப்பிடுவேன். இன்ஜினோட உங்களையும் எடை போட்டு எடுத்துக்கட்டும்."

அத்தான் பரபரத்தார். சிலிண்டர் ஒவ்வொன்றிலும் பிஸ்டனை இறக்கி, ஓரத்தில் தகட்டை நுழைத்தார். "நுழையணும், ஆனா சும்மா நுழைஞ்சிடக் கூடாது. மாமியார் வீட்டுக்கு மருமகன் வர்ற மாதிரி." நான்கும் சரியாக இருந்தன. அடுத்து, மேலிருந்து இறங்கும் வால்வு பிஸ்டன் தலையில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, எண்ணெய் தடவி, மூடியான ஹெட்டை வைத்து முடுக்கி, இன்ஜினைக் கையால் சுற்றினார். ஹெட்டைத் தூக்கி, நசுங்கிய மண்ணைத் தையல் பிளேடால் வெட்டிப் பார்த்தார். வால்வு பதிந்த இடத்தில் மண் காகிதம் போல மெலிந்திருந்தது.

"ஹெட்டைச் சீவிக் கொடுத்த பட்டறைக்காரன் அளவுக்கு மேல சீவிட்டான். ஸ்டார்ட் பண்ணா வால்வு பிஸ்டன்ல இடிச்சு எல்லாம் போயிடும்மா. வேற ஹெட் எங்கயும் கிடைக்காது" என்றவர், தானே இரும்புக்காரருக்குப் போன் செய்தார். அக்கா சாவியைக் கொத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள்.

இரும்புக்காரர் எடை மெஷினோடு வந்தார். கக்கத்தில் அந்தச் சட்டையும் இருந்தது. "வந்தது வந்துட்டேன், இந்தக் காலரையும் மாத்திக் கொடுத்துடுங்க."

காலர் அட்டையை எடுக்க அக்கா ஆணியில் கை வைத்தாள். துணி வெட்டும் அட்டைகளெல்லாம் அதில்தான் தொங்கும். காலர் அட்டையோடு இன்னொன்றும் கூடவே வந்தது. கறுப்பாக, தட்டையாக, வரிசையாக நான்கு பெரிய வட்ட ஓட்டைகளோடு. ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்க வேண்டிய கேஸ்கெட். சோதனைக்கென்று எடுத்து வைத்திருந்த பழையது. அதை வைக்க மறந்துதான் அத்தான் ஹெட்டை முடுக்கியிருந்தார்.

அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, ஓர் ஓட்டை வழியே அவரைப் பார்த்தாள். "ஏங்க, நாலு கழுத்து இருக்கிற ஆளு யாருக்காவது சட்டை தைக்கிறீங்களா?"

அத்தான் கேஸ்கெட்டை நடுவில் வைத்து, புது மண் அப்பி, மறுபடி முடுக்கிச் சுற்றினார். இரும்புக்காரர் எடை மெஷின் மேலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். இந்த முறை மண் நல்ல கனமாக வந்தது. அத்தான் அதைத் திருப்பித் திருப்பி அளந்துகொண்டிருக்கும்போதே அக்கா சாவியைக் கொத்தில் மாட்டிவிட்டாள்.

இப்போது கார் ஓடுகிறது. அக்காதான் ஓட்டுகிறாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கதவு இடுக்கில் தகடு நுழைக்கிறார். இரும்புக் கடையைத் தாண்டும்போது அவள் ஹாரன் அடிப்பாள். கடைக்காரர் ஒரு கையைத் தூக்குவார். இன்னொரு கை காலரைப் பிடித்திருக்கும். அந்தப் பொத்தானை இன்னும் போட முடியவில்லை.